ஹார்னஸ் வாங்கும் முன் தராசை எடுங்கள்

ட்ராட் எனப்படும் பாறையேற்றத்துக்கு, இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ் பட்டையைத் தேடுகிறவர்களின் கண் முதலில் போவது அட்டையில் அச்சிட்ட எடைக்குத்தான். 270 கிராம், 330 கிராம், 440 கிராம். சின்ன எண்தான் நல்ல எண் என்று மனசு அங்கேயே முடிவு கட்டிவிடும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுச் சமையலறைத் தராசை எடுத்துவாருங்கள். ஹார்னஸை நிறுப்பதற்கு முன்னால், அதில் தொங்கப்போகிற சாமானை நிறுக்க வேண்டும்.

பாறையில் முன்பே போல்ட் அடித்த பாதையில் ஏறும் ஸ்போர்ட் ஏற்றத்துக்கு டிரா, அதாவது இரு முனையிலும் காராபினர் எனும் கொக்கி வளையம் கொண்ட பட்டை, மட்டும் போதும். ட்ராட் அப்படியில்லை. விரிசலில் ஏறுபவரே கேமும் (விரிந்து பிடிக்கும் கருவி) நட்டும் (ஆப்பு போன்ற உலோகத் துண்டு) வைத்துக்கொண்டு போக, பின்னால் வருகிறவர் கழற்றிக்கொண்டு வருவார். கடை முழுவதும் இடுப்பில்தான்.

தராசுக் கணக்கு

பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரத்து விரிசல்களுக்குப் போதுமான ஒற்றை ரேக்கை, அதாவது சாமான் தொகுப்பை, எடுத்துக்கொள்வோம். பிளாக் டைமண்ட் கேமலாட் வகையில் 0.3 முதல் 3 வரை ஏழு கேம்கள், சேர்த்து 800 கிராமை ஒட்டி வரும். கேமுக்கு ஒரு காராபினர், 30 கிராம் வீதம் 210. பத்து நட் இரண்டு காராபினரில் கோத்தது சுமார் 450. 60 செ.மீ. ஸ்லிங்கில் (வளையமாகத் தைத்த பட்டை) செய்த நீள் டிரா எட்டு, கிட்டத்தட்ட 700. கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியும் அதன் லாக்கரும் (பூட்டும் காராபினர்) 160. உபரி லாக்கர் இரண்டு, 130. ஆங்கர் எனும் பாறைப் பிடிமானம் கட்ட 7 மி.மீ. கயிறு 6 மீட்டர், 200. நட் பிடுங்கும் கொக்கி 60, கயிற்றில் சுற்றிப் பிடிக்கும் புருசிக் வளையம் 40. கூட்டினால் இரண்டே முக்கால் கிலோ.

கயிறு நீளத்துக்கு ஒரு பிட்ச் என்று பல பிட்ச் ஏறும் வழியானால் இறங்கும்போது போட ஷூவும் அரை லிட்டர் தண்ணீரும் சேரும். நாலு கிலோ ஆயிற்று. 30 மீட்டர் மேலே போனபின் கீழே தொங்கும் கயிற்றையும் இடுப்புதான் இழுக்கிறது. 9.8 மி.மீ. கயிறு மீட்டருக்குச் சுமார் 62 கிராம், ஆக இன்னொரு 1.86 கிலோ. உராய்வால் ஏறும் இழுவை தனிக் கணக்கு.

இப்போது ஹார்னஸுக்கு வருவோம். 270 கிராமுக்கும் 400 கிராமுக்கும் வித்தியாசம் 130. ஆறு கிலோவை நெருங்கும் சுமையில் அது நூற்றுக்கு இரண்டு. டிராக்களில் இன்னும் பழைய 45 கிராம் காராபினர் இருந்தால், பதினாறையும் 28 கிராம் காராபினராக மாற்றினால் 272 கிராம் குறையும். ஹார்னஸில் மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போல இரண்டு மடங்கு, அதுவும் உடம்பில் ஓர் இடத்தில்கூடக் கூடுதலாக உறுத்தாமல். எடையைக் காராபினரில் குறையுங்கள். ஹார்னஸில் வாங்க வேண்டியது வடிவம்.

அதற்காகக் கனமான ஹார்னஸ்தான் சுகம் என்று அர்த்தமில்லை. ட்ராடுக்கு 350 முதல் 430 கிராம் வரையுள்ள வகையில் தேடினால் இரண்டும் கிடைக்கும். அதற்குக் கீழே போகும்போது அந்த 130 கிராம் எதைக் கழித்துக் குறைந்தது என்று கேட்டுப்பார்க்க வேண்டும். பெரும்பாலும் லெக் லூப் (தொடை வளையம்) பக்கிள்கள், ஐந்தாவது கியர் லூப் (சாமான் மாட்டும் வளையம்), பிளாஸ்டிக் உறை, கொஞ்சம் நுரை ஆகியவைதான் போயிருக்கும். 100, 150 கிராம் பனிமலை ஹார்னஸ்கள் பனியாற்றில் நடப்பதற்கானவை. அதில் நாலு கிலோ ரேக்கைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பட்டை சதையை அரிவாள்மணை போல அறுக்கும்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது

இடுப்புப் பட்டையை வெளியிலிருந்து பார்த்து மெத்தென்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது வீண் வேலை. பாரத்தை எது தாங்குகிறது, அது எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்பதுதான் கேள்வி.

பழைய, மலிவான கட்டமைப்பில் நடுவில் ஒரே ஒரு வெப்பிங் (பாரம் தாங்கும் நெய்த பட்டை) ஓடும். அதன் இருபக்கமும் நுரை. தொங்கும்போது பாரம் முழுக்க அந்த ஒற்றைப் பட்டையில் விழ, மேலும் கீழும் உள்ள நுரை வெறும் அலங்காரமாக நிற்கும். தடிமனான ஹார்னஸ் முதுகில் ஒரு கோடாக வலிப்பது இதனால்தான். இன்னொரு வகையில் வெப்பிங்கை இரண்டு மூன்றாகப் பிரித்துப் பட்டையின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் கொண்டுபோவார்கள். பிளாக் டைமண்ட் சொல்யூஷன் மூன்று மெல்லிய பட்டைகளால் ஆனது. ஆர்க்டெரிக்ஸ் இழைகளைப் பாய்போல அகலமாகப் பரப்புகிறது. அவர்களுடைய ஏஆர்-395ஏ-வுக்குப் பெயரிலேயே எடை இருக்கிறது. பெட்ஸல் சிட்டாவில் வலிமைமிக்க பாலிஎதிலீன் இழைகள் இடுப்பு முழுக்கத் தனித்தனியாக ஓடுகின்றன, எம் அளவு 270 கிராம்தான். இழை பரவினால் நுரை குறைவாகவே போதும். மெல்லிய ஹார்னஸ் சுகமாக இருப்பதன் ரகசியம் இது.

கையில் எடுத்துச் சோதிக்க எளிய வழி: பட்டையை முழங்கால் மேல் வளைத்து இரு முனையையும் பலமாக இழுங்கள். நடுவில் மட்டும் பள்ளம் விழுந்து விளிம்புகள் வெளிப்பக்கம் மடங்கினால் ஒற்றைப் பட்டை. முழு அகலமும் ஒன்றாக முழங்காலைத் தழுவினால் பாரம் பரவுகிறது.

பெங்களூரில் மார்ச், ஏப்ரலில் கருங்கல் அடுப்புத் தோசைக்கல்லாகிவிடும். மூடிய கண்ணறை நுரை வியர்வையை உறிஞ்சாது, ஆனால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியேயும் விடாது. உட்பக்கம் வலைத்துணியோ நுரையில் துளைகளோ இருப்பது இங்கே ஆடம்பரமில்லை. வியர்வை உப்பு காய்ந்து விளிம்புத் தையலில் படிந்தால் அது மணல்தாள் மாதிரி இடுப்பைத் தேய்க்கும்.

அளவெடுப்பு

ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்கக் கூடாது. பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கும். ஹார்னஸ் அதற்கு மேலே, தொப்புள் மட்டத்தில் நிற்க வேண்டும். டேப்பை அந்த இடத்தில் சுற்றி அளந்து, தொடையின் பருத்த பகுதியையும் அளந்து, இரண்டையும் நிறுவன அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

இறுக்கியபின் மூன்று விஷயம். ஒன்று, இரு கையாலும் பட்டையைக் கீழே தள்ளினால் இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கக் கூடாது. இறங்கினால், தலைகீழாய்ப் புரளும் வீழ்ச்சியில் ஆள் வழுக்கி வெளியே வரக்கூடும். வயிறு பெருத்து இடுப்பெலும்பு பிடிமானம் தராதவர்களும் குழந்தைகளும் மார்பு ஹார்னஸும் சேர்த்தே போட வேண்டும். இரண்டு, பக்கிளைத் தாண்டி வால் குறைந்தது 8 செ.மீ. மிஞ்ச வேண்டும். மூன்று, பக்கிள் அதன் வரம்பின் நடுவில் நிற்க வேண்டும், கடைசிப் பல்லில் அல்ல.

மூன்றாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒற்றைப் பக்கிள் ஹார்னஸைக் கோடிவரை இறுக்கினால் பட்டை முழுவதும் ஒருபக்கம் சுழலும். பிலே கருவி மாட்டும் முன்வளையமான பிலே லூப் நடுவில் இருக்க, நுரை இடதுபக்கம் ஒதுங்க, வலது முன் கியர் லூப் தொப்புளுக்கும் இடதுபக்க லூப் முதுகுக்கும் போய்விடும். இருபக்கம் பக்கிள் இருந்தால் இரண்டையும் சமமாக இழுத்து நடுவில் நிறுத்தலாம். 15, 20 கிராம் கூடினாலும் இழப்பில்லை. உங்கள் இடுப்பு எஸ்ஸுக்கும் எம்முக்கும் நடுவில் விழுந்தால் இருபக்கப் பக்கிள்தான்.

அடுத்தது ரைஸ், அதாவது இடுப்புப் பட்டைக்கும் லெக் லூப்புக்கும் நடுவிலான நீளம். இது குட்டையானால் தொங்கும்போது இடுப்புப் பட்டை கீழே இழுபட்டு வயிற்றை அமுக்கும். நீண்டால் பாரமெல்லாம் இடுப்பில் ஏறித் தொடை சும்மா இருக்கும். பெண்கள் மாடலில் ரைஸ் நீளம், தொடை லூப் பெரிது. ஒல்லி இடுப்பும் பருத்த தொடையும் உள்ள ஆண்கள் வெட்கப்படாமல் அதையும் போட்டுப் பார்க்கலாம். நிறத்தைத் தவிர வேறு பிரச்சினை இராது.

லெக் லூப்பில் பக்கிள் வேண்டுமா? ராமநகரத்தில் வருடம் முழுக்க ஒரே மெல்லிய பேன்ட்தான். எலாஸ்டிக் வைத்த நிலையான லூப் போதும், எடையும் குறையும். அதே ஹார்னஸைப் போட்டுக்கொண்டு இமயமலைக்கும் போகிற உத்தேசம் இருந்தால் கம்பளிக்கு மேல் மழைப் பேன்ட் ஏறும். அங்கே பக்கிள் கட்டாயம்.

ஊஞ்சல் கொக்கிச் சோதனை

கடையில் போட்டு நின்று பார்ப்பது பாதிச் சோதனைகூட இல்லை. நிற்கும்போது எல்லா ஹார்னஸும் சுகம்தான்.

மல்லேஸ்வரம், அல்சூர் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கும். இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து ஆடுவதற்காகப் போட்டது என்பதால் ஒருவரைத் தாங்கும். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் யாரும் தொங்க வேண்டாம், அது வேறு கணக்கு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய புல்-அப் கம்பியையோ ஏற்றச் சுவர் உள்ள இடத்தையோ நாடலாம். கண்டீரவா மைதானத்தில் செயற்கைச் சுவர் இருக்கிறது.

கொக்கியில் ஸ்லிங், அதில் லாக்கர், அது பிலே லூப்பில். கால் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் போக வேண்டாம், கீழே மெத்தை. கூட இன்னொருவர் இருக்க வேண்டும், தொங்குகிறவர் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும்.

ரேக் முழுவதையும் மாட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம். வெறும் ஹார்னஸில் தொங்கினால் முடிவு தப்பாக வரும். முதல் இரண்டு நிமிடத்தில் வலித்தால் அது அளவுக் கோளாறு, மாடலின் தப்பு அல்ல. வேறு அளவு கேளுங்கள். ஐந்தாம் நிமிடத்தில் தொடையின் வெளிப்பக்கம் மரத்தால் லெக் லூப் குறுகலானது, அல்லது மிக இறுகியிருக்கிறது. உட்தொடையில் கிள்ளினால் லூப்பின் விளிம்புப் பட்டை கடினம். பத்தாம் நிமிடத்தில் இடுப்பின் பின்பக்கம் ஒரே கோட்டில் வலித்தால் மேலே சொன்ன ஒற்றைப் பட்டைக் குறை. உடம்பு பின்னால் சாய்ந்துகொண்டே போனால் பட்டை தாழ்ந்திருக்கிறது, அல்லது பின் கியர் லூப்பில் சுமை அதிகம்.

இறங்கியதும் ஒரு காலை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். முன் கியர் லூப்பிலுள்ள கேம்கள் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் சிக்கினால் பாறையிலும் சிக்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடுவிலுள்ள கேம் ஒன்றை எடுத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். கை தடவ வேண்டியிருந்தால் லூப்பின் வடிவம் உங்களுக்குச் சரியில்லை.

கியர் லூப்

ட்ராட் ஹார்னஸையும் ஸ்போர்ட் ஹார்னஸையும் பிரிப்பது இதுதான். இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது.

குறைந்தது நாலு லூப். முன் லூப் இரண்டும் விறைப்பான பிளாஸ்டிக் உறையோடு, இடுப்பிலிருந்து சற்று வெளியே தள்ளி நிற்க வேண்டும். எடை குறைந்த ஹார்னஸ் பலவற்றில் முன்பக்கமே மெல்லிய துணி வளையமாக இருக்கும். ஏழு கேம் மாட்டினால் வளையம் நடுவில் வி போல மடிந்து எல்லாக் காராபினரும் ஒரே புள்ளியில் குவியும். வேண்டிய கேமை எடுக்க ஒரு கையால் குலையைப் பிரிக்க வேண்டியிருக்கும், மறு கை விரிசலில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது.

முன்பக்கம் சரியும் லூப் சாமானைக் கைக்குக் கொண்டுவரும். தட்டையான லூப் சாமானைப் பரப்பி வைக்கும். கேமுக்கு முதல்வகை, நட்டுக்கும் ஸ்லிங்குக்கும் இரண்டாம் வகை. பின் லூப்புகள் மெல்லியதாக, பட்டையோடு ஒட்டியே இருக்கலாம். முதுகில் பை போடும்போதும் சிம்னி எனும் ஆள் நுழையும் குறுகிய பிளவில் முதுகைத் தேய்த்து ஏறும்போதும் விறைத்த பிளாஸ்டிக் கல்லில் மாட்டும். பின்னால் நடுவிலுள்ள ஐந்தாவது லூப் இரண்டாம் கயிறு கட்டவும் ஷூ தொங்கவிடவும். ஒற்றைப் பிட்சுக்கு அது தேவையேயில்லை.

அடுக்கும் வரிசை அவரவர் பழக்கம். தொடங்குகிறவர்கள் வலது முன்னால் பெரிய கேம், இடது முன்னால் சின்ன கேமும் நட்டும், பின்பக்கம் இருபுறமும் நாலு நாலு டிரா, கடைசியில் ஆங்கர் சாமான் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய கேம் பின்னால் போனால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மடிப்பில் இடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. கியர் லூப் ஆளைத் தாங்காது. பிலே லூப்பும் கயிறு கட்டும் டை-இன் பகுதியும் 15 கிலோ நியூட்டனுக்கு, அதாவது ஒன்றரை டன் பாரத்துக்கு, சோதிக்கப்பட்டவை. பல நிறுவனங்கள் கியர் லூப்புக்குச் சொல்லும் வரம்பு சில கிலோதான். களைத்துப்போய் ஆங்கரில் நிற்கும்போது பார்க்காமலேயே கை பக்கவாட்டு லூப்பில் லாக்கரை மாட்டிவிடும். விறைத்த முன் லூப்பின் நிறம் பிலே லூப்பின் நிறத்தைவிட வேறாக இருக்கும்படி தேர்ந்தெடுப்பது மலிவான காப்பு. லேபிளில் ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 12277, வகை சி (இடுப்பு ஹார்னஸ்) என்று இருக்க வேண்டும், அல்லது சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் யூஐஏஏ 105. தொழிற்சாலைக்கான முழுவுடல் ஹார்னஸ் வேறு இனம்.

எந்தப் பாறைக்கு எது

சாவனதுர்காவின் கரிகுட்டா, பிலிகுட்டா குன்றுகள் இரண்டுமே பெரும்பாலும் சாய்ந்த கருங்கல். பல பிட்ச் நீளம், ஆனால் ஆங்கரில் முழுதாகத் தொங்குவது குறைவு. காலில் நின்று சாய்ந்துகொள்வீர்கள். வலிக்கப்போவது கெண்டைக்கால். இங்கே 300 கிராம் சுற்றியுள்ள மெல்லிய ஹார்னஸ் போதும், மிச்ச எடையைத் தண்ணீருக்குக் கொடுங்கள்.

ராமநகரம் வேறு. க்ளோஸ்பேட் கருங்கல் என்று புவியியல் புத்தகங்கள் சொல்லும் இந்தக் கல் அந்த ஊரின் பழைய பெயரைத்தான் சுமக்கிறது. சொரசொரப்பான படிகங்கள் துணியைத் தின்னும். விரிசலிலும் சிம்னியிலும் நுழைகிற வழிகளுக்கு வெளித்துணி தடிப்பாகவும் கியர் லூப் முழுமையாகவும் உள்ள 380, 420 கிராம் ஹார்னஸே நாள் தாங்கும். (ராமதேவர பெட்டா 2012 முதல் பாறுக் கழுகுச் சரணாலயம். அந்தப் பாறைகளைத் தொடுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) பாதாமியின் மணற்கல்லில் ஸ்போர்ட் ஏற்றம்தான் அதிகம், அதற்கு எந்த ஹார்னஸும் சரி.

தேய்மானமும் பழுதும்

முதலில் தேய்வது கயிறு நுழையும் இரண்டு டை-இன் வளையங்கள், அதிலும் கீழ் வளையம். சில மாடல்களில் மேல் துணிக்கு அடியில் சிவப்பு நூல் வைத்திருப்பார்கள். சிவப்பு தெரிந்தால் அன்றோடு முடிந்தது.

பிலே லூப்பை விரலால் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருங்கள், ஒரே இடம் காராபினரில் தேயாமல் இருக்கும். அதில் டெய்ஸி செயினையோ (பல கண்ணிகள் தைத்த பட்டை) ஸ்லிங்கையோ சுருக்கு முடிச்சாகப் போட்டு மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். முடிச்சு நகராது, தேய்மானம் ஒரே கோட்டில் விழும், முடிச்சுக்கு அடியில் இருப்பதால் கண்ணிலும் படாது. 2006-இல் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் என்ற தேர்ந்த ஏற்றக்காரர் இறந்தது தேய்ந்த பிலே லூப் அறுந்துதான். ஸ்லிங் மாட்டியே ஆக வேண்டுமென்றால் கயிறு போகும் பாதையிலேயே, இரண்டு டை-இன் வளையங்கள் வழியாகப் போடுங்கள்.

சரிசெய்யக்கூடியது எது? லெக் லூப்பைப் பின்னால் தூக்கிப்பிடிக்கும் எலாஸ்டிக் அறுந்தால் 3 மி.மீ. கயிற்றால் கட்டிக்கொள்ளலாம், அது பாரம் தாங்குவதில்லை. கியர் லூப்பின் பிளாஸ்டிக் உறை கழன்றால் அதே விட்டமுள்ள குழாயைப் பிளந்து நுழைத்து டேப் சுற்றலாம். அவ்வளவுதான். பிலே லூப், டை-இன், இடுப்பு வெப்பிங், பக்கிளை ஒட்டிய தையல் எதிலும் ஊசி படக் கூடாது. சிக்பேட்டில் பை தைக்கிறவர் நைலான் நூலில் அழகாகத் தைத்துத் தருவார். ஒவ்வொரு ஊசித் துளையும் பாரம் தாங்கும் இழைகளில் சிலவற்றை அறுத்திருக்கும். பிசிறை லைட்டரால் சுடுவதும் வேண்டாம். பாலிஎதிலீன் இழை 145 டிகிரியை ஒட்டியே உருகிவிடும்.

நைலானுக்குப் பெரிய எதிரி அமிலம். ஸ்கூட்டர் டிக்கியில், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்து அலமாரியில் ஹார்னஸை வைக்காதீர்கள். பேட்டரி அமிலத்தின் ஆவிகூட இழையைக் கெடுக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. கழுவ 30 டிகிரிக்கு மேற்படாத நீர், சாதாரண சோப்பு, நிழலில் உலர்த்தல். மொட்டை மாடிக் கொடியில் வெயிலில் போடக் கூடாது. பெயர் எழுத வேண்டுமானால் லேபிளில் மட்டும், மார்க்கர் மை வெப்பிங்கில் பட வேண்டாம்.

பழையது வாங்கினால் முதலில் லேபிளில் உற்பத்தி வருடத்தைப் பாருங்கள். துணிச் சாமானுக்குப் பல நிறுவனங்கள் விதிக்கும் உச்ச வரம்பு 10 வருடம், அலமாரியிலேயே கிடந்தாலும். லேபிள் வெட்டப்பட்டிருந்தால் விலை கேட்கவே வேண்டாம். வாரம் தவறாமல் கருங்கல்லில் உரசும் ஹார்னஸ் இரண்டு, மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும்.

ஓய்ந்ததைப் பழைய சாமான் வண்டியில் அப்படியே போடாதீர்கள். யாராவது எடுத்துத் தென்னை ஏறவோ பெயிண்ட் அடிக்கவோ கட்டிக்கொள்வார்கள். பிலே லூப்பை முதலில் வெட்டுங்கள், பிறகு இரண்டு டை-இன் வளையங்கள், பிறகு இடுப்புப் பட்டை நடுவில். சமையலறைக் கத்தரிக்கோல் போதாது, தையற்காரர் கத்தரி வேண்டும்.